மொபைல் ஸ்டார்ட்டருக்கு சாமான் இப்பவே வாங்கி வைக்கலாமா? சிப் தட்டுப்பாடு பத்தி தெரிஞ்சவங்க சொல்லுங்க

மன்னார்குடி_பேனல்:
எல்லாருக்கும் வணக்கம். மன்னார்குடி பக்கம் பம்புசெட்டுக்கு பேனல் போர்டும், போன்லேந்தே மோட்டார ஓட்டுற மொபைல் ஸ்டார்ட்டரும் செஞ்சு குடுக்குறோம், போர்டு டிசைன் நம்மளோடது, பிசிபி (சாமான் ஏத்துற சர்க்யூட் அட்டை) மட்டும் வெளிய அடிச்சு வாங்கி சாமான் நாமளே ஏத்துறோம். ஜூன் 12 மேட்டூர் தொறந்து ஆத்துல தண்ணி வர்றதுக்கு முன்னாடியே போர் வச்சிருக்கவங்க குறுவைக்கு நாத்து விட்டுருவாங்க, அதனால சித்திரை வைகாசிலதான் எங்களுக்கு ஆர்டர் குவியும். இந்த வருஷம் சாமான் வாங்குறதுல பெரிய கொழப்பம். மெட்ராஸ் ரிச்சி ஸ்ட்ரீட்ல வழக்கமா வாங்குற கடைல "மெமரி விலை ஏறிட்டே இருக்கு, அடுத்து எல்லா ஐசியும் (சிப்பும்) ஏறும், ஆறு மாசத்துக்கு இப்பவே எடுத்து வச்சுக்கங்க"ன்றாங்க. 2021ல பட்டது இன்னும் மறக்கல. எஸ்டிஎம்8எஸ்003னு ஒரு சின்ன மைக்ரோகன்ட்ரோலர், போர்டுக்கு மூளை மாதிரி, அது வரைக்கும் யாரும் விலைய பத்தி யோசிச்சதே இல்ல, அதுக்கு பல மடங்கு சொன்னாங்க, அந்த விலைக்கும் சரக்கு இல்ல. பாடி, கான்டாக்டர், ரிலே எல்லாம் ரெடியா இருந்து அந்த ஒரு ஐசி இல்லாம டெலிவரி நின்னுச்சு. இப்ப கையில இருக்குற காச சரக்குல முடக்குறதா பொறுத்துப் பாக்குறதா? எது நிஜமாவே கிடைக்காம போகும், எது வியாபாரப் பேச்சு?

குடந்தை_லேப்டாப்சர்வீஸ்:
மெமரி ஏறினது நிஜம்ணே. டிடிஆர்4 ரேம் 8 ஜிபி போன ஆடில கஸ்டமருக்கு சொன்ன விலைக்கு இப்ப எனக்கே கிடைக்காது, ரெண்டு மடங்கு தாண்டிப் போச்சு. காலேஜ் புள்ளைங்க பழைய லேப்டாப்புக்கு ரேமும் எஸ்எஸ்டியும் போட்டு இன்னும் ரெண்டு வருஷம் ஓட்டிக்குவாங்க, எங்க கடைக்கு அதுதான் மெயின் வேலை, இப்ப விலைய கேட்டுட்டு அப்புறம் வர்றேன்னு போயிடுறாங்க, பாவமா இருக்கு. மைக்ரோகன்ட்ரோலர் பத்தி எனக்கு தெரியல.

ஓசூர்ல_ஒரு_திருவாரூர்க்காரன்:
நான் ஓசூர்ல ஒரு போர்டு அசெம்பிளி கம்பெனில பர்ச்சேஸ்ல இருக்கேன், சொந்த ஊரு திருவாரூர் பக்கம். அண்ணே, மெமரி கத வேற, உங்க சின்ன ஐசி கத வேற, கடைக்காரங்க ரெண்டையும் ஒண்ணா கட்டி விக்கிறாங்க, முதல்ல அத பிரிச்சுப் பாருங்க.

மெமரில உலகத்துக்கே பெரிய கம்பெனி மூணுதான், சாம்சங், எஸ்கே ஹைனிக்ஸ், மைக்ரான், மூணும் சேந்து டிராம்ங்கற ரேம் மெமரி மார்க்கெட்ல 90 சதவீதத்துக்கு மேல. 2023ல விலை அடிமட்டத்துக்கு விழுந்து பெரிய நஷ்டம் பாத்து உற்பத்திய கொறச்சாங்க. அப்புறம் ஏஐ சர்வருக்கு எச்பிஎம்னு அடுக்கு மெமரிக்கு ஆர்டர் கொட்ட ஆரம்பிச்சுது. அந்த எச்பிஎம் ஒரு ஜிபி செய்ய சாதாரண டிடிஆர்5 ஒரு ஜிபிக்கு ஆகுற வேஃபர் (சிப் வெட்டி எடுக்குற சிலிக்கான் வட்டு) மாதிரி சுமாரா மூணு பங்கு ஆகும்னு மைக்ரானே சொல்லிருக்கு. அப்ப பேக்டரி அதே அளவுல இருக்க நமக்கு வர்ற ரேம் கொறையத்தான் செய்யும். இதுக்கு நடுவுல டிடிஆர்4அ நிறுத்தப்போறோம்னு அறிவிச்சதும் பழசு புதுச விட விலை கூடிப்போச்சு, 2025 நடுவுல மார்க்கெட்ல டிடிஆர்4 டிடிஆர்5அ தாண்டி வித்துது. 2025 டிசம்பர்ல மைக்ரான் குரூஷியல்ங்கற, கடைல விக்கிற பிராண்டையே மூடுறோம்னு சொல்லிட்டாங்க. குடந்தை அண்ணன் கடைக்கு இப்ப விலை எறங்கும்னு நான் சொல்ல மாட்டேன், புது மெமரி பேக்டரி கட்டி ஓட்ட ரெண்டு மூணு வருஷம் ஆகும்.

உங்க எஸ்டிஎம்8 அந்த லைன்ல ஓடுற சாமானே இல்ல. பழைய டெக்னாலஜி, பழைய பேக்டரி. அங்க 2021ல நடந்தது என்னன்னா, 2020ல கொரோனா வந்ததும் கார் கம்பெனிங்க ஆர்டர கேன்சல் பண்ணாங்க, அந்த எடத்த லேப்டாப், போன், டிவிக்கு போற ஐசிங்க புடிச்சுக்கிச்சு, கார் திரும்பி வந்தப்ப எடம் இல்ல. அதோட 2021 பிப்ரவரில டெக்சாஸ்ல பனிப்புயல்ல கரண்ட் போயி சாம்சங், என்எக்ஸ்பி, இன்ஃபினியான் பேக்டரிங்க நின்னுச்சு, மார்ச்ல ஜப்பான்ல ரெனேசாஸ் நாகா பேக்டரில தீ. ஒவ்வொருத்தனும் பயந்து ஒண்ணுக்கு ரெண்டா மூணு எடத்துல ஆர்டர் போட்டான். எங்க கம்பெனிலயே 52 வாரம் ஆகும், கேன்சல் பண்ண முடியாது, திருப்பித் தர முடியாதுன்னு கையெழுத்து வாங்கிட்டுதான் ஆர்டர் எடுத்தாங்க. அந்த சரக்கெல்லாம் 2023ல மொத்தமா வந்து எறங்குச்சு, யாருக்கும் வேணாம். உலக சிப் விற்பனை 2022ல 574 பில்லியன் டாலர், 2023ல 527க்கு எறங்கி, 2024ல 628க்கு ஏறுச்சு. ஏறினதுல பெரும்பங்கு ஏஐயும் மெமரியும். சாதா மைக்ரோகன்ட்ரோலர் விக்கிறவங்க அப்பவும் கோடவுன்ல தேங்குன சரக்க கரைக்க முடியாம தவிச்சாங்க.

பேராவூரணி_கடைமடை:
நான் வெவசாயி, தென்னையும் நெல்லும். சிப்பு பத்தி ஒண்ணும் தெரியாது, ஆனா படிக்க படிக்க எங்க ஊரு சங்கதியாவே இருக்கு. மேட்டூர்ல தொறந்த தண்ணி கல்லணைக் கால்வாய்ல எங்களுக்கு வந்து சேர எத்தன நாளு, நடுவுல எத்தன மதகு, மேல உள்ளவங்க பாய்ச்சி முடிச்சு மிச்சம் இருந்தாத்தானே கடைமடை. நீங்க சொல்ற சாமான்லயும் மன்னார்குடி தம்பி கடைமடையிலதான் நிக்கிறாரு போல. பெரிய ஆர்டர் குடுக்குறவனுக்கு மொத தண்ணி.

ஓசூர்ல_ஒரு_திருவாரூர்க்காரன்:
ஐயா நூத்துக்கு நூறு சரி. எங்க ஊர்ல அலொகேஷன்னு சொல்லுவாங்க, சரக்கு பத்தாதப்ப கம்பெனிக்காரன் யாருக்கு எவ்ளோன்னு பங்கு போடுறது. ஐபோன் செய்றவனுக்கு, கார்க்காரனுக்கு முதல்ல, அப்புறம் எங்கள மாதிரி, கடைசியா ரிச்சி ஸ்ட்ரீட், அங்கேந்து மன்னார்குடி. கடைசில இருக்கவங்களுக்கு விலைதான் வந்து சேரும், சரக்கு வராது.

வல்லம்_விஎல்எஸ்ஐ:
நான் தஞ்சாவூர் பக்கம் ஈசிஇ படிக்கிறேன். ஐயா தண்ணி பத்தி சொன்னதால இத சொல்லியே ஆகணும். 2020ல தைவான்ல ஒரு புயல் கூட கரை கடக்கல, 2021ல 56 வருஷத்துல காணாத வறட்சி. சிப் பேக்டரிக்கு வேஃபர் கழுவ சுத்தமான தண்ணி நாளுக்கு கோடிக்கணக்கான லிட்டர் வேணும். அரசாங்கம் 70,000 ஹெக்டேருக்கு மேல வயலுக்கு பாசனத்த நிறுத்திட்டு, வெவசாயிக்கு நஷ்டஈடு குடுத்துட்டு, தண்ணிய பேக்டரிக்கு விட்டாங்க. அங்க உள்ள பெரிய சிப் கம்பெனி டிஎஸ்எம்சி லாரில வேற தண்ணி அடிச்சுது. உலகத்துல சிப் வரணும்னு அங்க நெல்லு போடாம விட்டுருக்காங்க.

பேராவூரணி_கடைமடை:
படிச்சதும் நெஞ்சு அடைச்ச மாதிரி இருக்கு தம்பி. நஷ்டஈடு குடுத்தா சரியா போயிருமா. நெலம் ஒரு போகம் சும்மா கெடந்தா வெவசாயக் கூலிக்கு யாரு குடுப்பா, அறுப்பு மெஷின் வச்சிருக்கவனுக்கு யாரு குடுப்பா. எங்க ஊர்ல குறுவை பொய்ச்சா டீக்கடை வரைக்கும் படுத்துரும்.

குடந்தை_லேப்டாப்சர்வீஸ்:
நம்ம பக்கம் சிப் பேக்டரி வரணும்னு சில பேர் கேக்குறாங்களே, அதுக்கு இதான் பதில்.

வல்லம்_விஎல்எஸ்ஐ:
அண்ணா முழுசா அப்டி சொல்லிட முடியாது. டிஎஸ்எம்சி அதுக்கப்புறம் 2022ல தைனான்ல கழிவுநீர சுத்திகரிச்சு எடுக்குற பிளான்ட்டே ஓட்ட ஆரம்பிச்சுட்டாங்க. ஆனா டெல்டாவுக்கு ஃபேப் (சிப் பேக்டரி) வேணாம்னு நானும் நெனைக்கிறேன், 2020லயே பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம்னு சட்டம் போட்டாச்சு, அந்த மண்ணுக்கு நெல்லுதான். நமக்கு வேற வழி இருக்கு. சிப் டிசைனுக்கு கம்ப்யூட்டரும் படிச்ச ஆளும் போதும், தஞ்சாவூர்ல மினி டைடல் பார்க் 2024லயே தொறந்தாச்சு. ஐஐடி மெட்ராஸ்ல சக்தி பிராசஸர் செஞ்சாங்க, அங்கேந்து வந்த மைண்ட்குரோவ் கம்பெனி 28 நேனோமீட்டர்ல (சிப் டெக்னாலஜி அளவு, நம்பர் கொறஞ்சா புதுசு), நெட்டோட இணையுற கருவிக்கான ஐஓடி சிப்பே டிசைன் பண்ணி வெளிய செஞ்சு வாங்கிட்டாங்க. ஃபேப் குஜராத் தொலேராவுல டாட்டாவும் தைவான் பிஎஸ்எம்சியும் சேந்து கட்டுறாங்க, 91,000 கோடி, 28லேந்து 110 நேனோமீட்டர் வரைக்கும். மன்னார்குடி அண்ணனுக்கு வேண்டிய ரக சிப்புக்கு அந்த அளவு டெக்னாலஜியே தாராளம்.

மன்னார்குடி_பேனல்:
தம்பி சந்தோஷமா இருக்கு, ஆனா அது ஓடி எனக்கு ஐசி வர்றதுக்குள்ள எத்தன குறுவை போகுமோ. திருவாரூர் சார், நீங்க சொன்னபடி பாத்தா மைக்ரோகன்ட்ரோலருக்கு இப்ப பயம் இல்லையா?

ஓசூர்ல_ஒரு_திருவாரூர்க்காரன்:
இப்போதைக்கு இல்ல. சீனாக்காரங்க 28 நேனோமீட்டருக்கு மேல உள்ள பழைய டெக்னாலஜில புதுசு புதுசா பேக்டரி எறக்கிட்டாங்க. ஜிகாடிவைஸ், டபிள்யூசிஎச் மாதிரி கம்பெனி சாமான் வந்து குவியுது, டபிள்யூசிஎச்சோட சிஎச்32வி003 டாலர்ல பத்து சென்ட்டுக்குள்ளனு சொல்லித்தான் எறக்குனாங்க. உங்க எஸ்டிஎம்8எஸ்003 எடத்துல நுவோடான் என்76இ003 கால் (பின்) அமைப்பு ஒத்துப்போகும், புரோகிராம்தான் மாத்தி எழுதணும். 2021ல பொழச்சவங்க பாதிப்பேரு அப்டித்தான் பொழச்சாங்க.

ஆனா ஒரே நாட்டுப் பக்கம் சாயுறதும் ஆபத்து. 2025ல நெக்ஸ்பீரியா கம்பெனி கதைய பாருங்க. அவங்க செய்றது டயோடு, டிரான்சிஸ்டர், சின்ன மாஸ்ஃபெட், ஒண்ணு சில பைசாவோ ரூபாவோ. கம்பெனி இருக்குறது நெதர்லாந்து, ஓனர் சீனா, வேஃபர் ஆவுறது ஜெர்மனிலயும் இங்கிலாந்துலயும், அத வெட்டி பேக் பண்றது பெரும்பாலும் சீனாவுல டோங்குவான்ல. 2025 செப்டம்பர் கடைசில டச்சு அரசாங்கம் கம்பெனி நிர்வாகத்துல கை வச்சுது, அக்டோபர் ஆரம்பத்துல சீனா ஏற்றுமதிய நிறுத்திருச்சு. மெக்சிகோவுல ஹோண்டா கார் லைனே நின்னுச்சு. லட்சக்கணக்குல விலை போற வண்டி டயோடு இல்லாம நிக்கிது! எது விலை கொறச்சலோ அதுதான் நிக்க வைக்குதுன்னு பர்ச்சேஸ்ல இருக்குற எல்லாரும் அன்னிக்கு திரும்பவும் பாத்தோம்.

பட்டுக்கோட்டை_ரீவைண்டிங்:
நான் ஒண்ணு கேக்குறேன். இவ்ளோ பாடு எதுக்கு? முப்பது வருஷமா நாங்க போட்ட ஸ்டார்டெல்டா ஸ்டார்ட்டர்ல கான்டாக்டர், ஓவர்லோடு ரிலே, டைமர், அவ்ளோதான். இடி விழுந்தாலும் காயில மாத்தி அன்னிக்கே ஓட்டிருவோம். இப்ப வர்ற மொபைல் ஸ்டார்ட்டர் ஒரு மின்னலுக்கு போர்டோட போயிருது, சரி பண்ண சாமான் இல்ல, கம்பெனிக்கு அனுப்பு, பத்து நாளு காத்திரு. கரண்ட் வர்ற நேரத்துல தண்ணி எறைக்கணும், பயிர் பத்து நாள் காத்திருக்குமா?

பேராவூரணி_கடைமடை:
அண்ணே நீங்க சொல்றது நாயந்தான், ஆனா மும்முனை கரண்ட் ராத்திரி எப்ப வரும்னு யாருக்கு தெரியும். கஜா புயலுக்கு அப்புறம் வச்ச கன்னு இப்பதான் காய்க்குது, தோப்பு வீட்லேந்து ரெண்டு கிலோமீட்டர், ராத்திரி பாம்பு பூச்சிக்கு நடுவுல டார்ச் அடிச்சு போயி சுவிட்ச் போட்ட காலம் எனக்கு திரும்ப வேணாம். போன்ல மிஸ்டு கால் குடுத்தா மோட்டார் ஓடுது. அது ரிப்பேரானா உள்ளூர்லயே சரி பண்ண ஆளு வேணும், அதான் என் கோரிக்கை.

திருச்சி_பவர்:
பவர் எலக்ட்ரானிக்ஸ்ல ரொம்ப வருஷம் வேல பாத்தவன் சொல்றேன், ரீவைண்டிங் அண்ணன் கேட்டதும் ஐயா கேட்டதும் ஒண்ணுதான், ரிப்பேர் பண்ண முடியிற டிசைன். மன்னார்குடி நண்பருக்கு என் யோசனை. மோட்டார ஓட்டுற பாகத்த கான்டாக்டர், ரிலேன்னு பழையபடியே வையுங்க, மொபைல் போர்டு செத்தாலும் பச்சை பட்டன அமுக்குனா மோட்டார் ஓடணும். போர்டுல மைக்ரோகன்ட்ரோலர தனி சின்ன பிசிபில ஏத்தி சாக்கெட்டுல சொருகுங்க. இன்னிக்கு எஸ்டிஎம், நாளைக்கு நுவோடான், அதுக்கப்புறம் எது கிடைக்குதோ அது, மெயின் போர்ட தொடவே வேணாம். 7805 வோல்டேஜ் ரெகுலேட்டருக்கும், பிசி817 ஆப்டோகப்ளருக்கும், வோல்டேஜ் எகிறினா காப்பாத்துற எம்ஓவிக்கும் பத்து கம்பெனி இருக்கு, அத மூட்டையா வாங்கி வைக்கிறது காச கடல்ல கொட்டுறது.

சோலார் பம்பு டிரைவ் பக்கம் போறதா இருந்தா வேற கணக்கு. அங்க கரண்ட வேகமா தொறந்து மூடி மோட்டார ஓட்டுற ஐஜிபிடி மாட்யூல்தான் உயிர், ஒரு கம்பெனி மாட்யூலுக்கு இன்னொண்ணு கால் ஒத்துப்போகாது, டிசைன் பண்றப்பவே ரெண்டு கம்பெனி பொருந்துற மாதிரி எடம் விடணும். கார்ல ஐஜிபிடிக்கு பதிலா சிலிக்கான் கார்பைடு சாமான் வந்துருச்சு, ஆனா அதுலயும் ஏத்த எறக்கம் பயங்கரம், சீனாவுல அடிமாட்டு விலைக்கு வேஃபர் வந்து, அமெரிக்காவுல அதுல முன்னோடியா இருந்த வுல்ஃப்ஸ்பீட் 2025 ஜூன்ல திவால் பாதுகாப்பு கேட்டுருச்சு. போன் சார்ஜர்ல வர்ற காலியம் நைட்ரைடு பக்கம், டிஎஸ்எம்சி 2027ல அந்த வேலையே விடுறோம்னு சொல்லிட்டாங்க. அஞ்சு எச்பி பம்புக்கு இன்னும் பல வருஷம் சாதா ஐஜிபிடியே போதும்.

நான் கவலப்படுற எடம் 8 இன்ச் வேஃபர். பவர் ஐசி, மாஸ்ஃபெட், ரெகுலேட்டர் நெறைய அதுலதான் ஆவுது. டிஎஸ்எம்சி 2025 ஆகஸ்ட்ல 6 இன்ச்ச ரெண்டு வருஷத்துல நிறுத்துறோம், 8 இன்ச்ச சுருக்குறோம்னு சொல்லிட்டாங்க. அதே நேரம் ஏஐ சர்வர் ஒவ்வொண்ணுலயும் பவர் சாமான் ஏராளம் போகுது. மெமரி மாதிரி திடீர்னு ஏறாது, கொஞ்சம் கொஞ்சமா இறுகும்னு என் கணிப்பு.

மன்னார்குடி_பேனல்:
சார் சாக்கெட் யோசனை மனசுல நின்னுருச்சு, அடுத்த பிசிபிலயே பண்றேன். அப்ப ஸ்டாக் போட வேண்டியது எது, அத மட்டும் சொல்லிருங்க.

திருச்சி_பவர்:
ஜிஎஸ்எம் மாட்யூல், சிம் போட்டு போன் நெட்வொர்க்கோட பேசுற பாகம். வேற எதுக்கும் மாத்து இருக்கு, அதுக்கு அவ்ளோ சுலபமா இல்ல.

ஓசூர்ல_ஒரு_திருவாரூர்க்காரன்:
ஆமா, அதே. நீங்க சிம்800 தானே போடுறீங்க? அது 2ஜி. ஜியோவுல 2ஜியே கெடையாது, ஏர்டெல், விஐ, பிஎஸ்என்எல் சிம்லதான் ஓடும். உலகம் பூரா 2ஜிய மூடிட்டு வர்றாங்க, மாட்யூல் செய்றவங்களும் 4ஜி கேட்-1க்கு (கருவிங்களுக்கான, வேகம் கொறஞ்ச 4ஜி) போயிட்டாங்க. அதனால பழைய 2ஜி மாட்யூல ஆறு மாசத்துக்கு வாங்கி அடுக்காதீங்க, ஏற்கனவே வித்த ஸ்டார்ட்டருக்கு சர்வீஸ் குடுக்க வேண்டிய அளவு மட்டும் வச்சுக்கங்க. புது போர்டுக்கு 4ஜி. அதுக்குள்ள சின்ன மெமரியும் இருக்கும், மெமரி விலை அதுலயும் கொஞ்சம் எதிரொலிக்கலாம், அதனால ஒரு சீசனுக்கு தேவையானத அங்கீகாரம் பெற்ற டிஸ்ட்ரிபியூட்டர்கிட்ட பில்லோட எடுங்க.

பில்லு ஏன்னா, தட்டுப்பாடு வந்தாலே போலி வரும். 2021ல ஒரு வியாபாரி எங்களுக்கு குடுத்த ஐசி ரீல்ல மேல் எழுத்த சுரண்டி வேற நம்பர் அடிச்சிருந்துச்சு, அசிட்டோன்ல தொடச்சதும் அழிஞ்சு வந்துச்சு. பழைய போர்டுல கழட்டி கால நிமித்தி புதுசுன்னு விக்கிறதும் உண்டு. லாட் வந்ததும் அஞ்சாறு எடுத்து புரோகிராம் ஏத்தி மோட்டார் லோடோட ஓட்டிப் பாருங்க.

திருச்சி_பவர்:
இன்னொண்ணு, நம்ம ஊரு ஈரம். ஐப்பசி கார்த்திகைல டெல்டாவுல உப்பு டப்பாவே கசியுது. ஈரம் புடிக்கிற ரக ஐசி, மாட்யூல் கவர்ல எம்எஸ்எல் 3னு (ஈரம் தாங்குற அளவு) போட்டிருந்தா, பிரிச்சதுக்கப்புறம் 168 மணி நேரத்துக்குள்ள சால்டர் பண்ணணும், அதுவும் காத்துல ஈரம் 60 சதவீதத்துக்குள்ள இருந்தாத்தான். இல்லேன்னா அவன்ல சூடு பண்ணி ஈரத்த எடுக்கணும், அப்டி எடுக்காம ரீஃப்ளோ (சூட்டுல சால்டர உருக்கி ஒட்டுறது) பண்ணா உள்ளுக்குள்ள வெடிச்சு விரிசல் வுடும், வெளிய தெரியாது, ஆறு மாசம் கழிச்சு வயல்ல சாகும். கவர பிரிக்காம, சிலிக்கா ஜெல் போட்ட காத்துப் புகாத டப்பாவுல வையுங்க. வாங்கி வைக்கிற காச விட பாதுகாக்குற வேல பெருசு.

பட்டுக்கோட்டை_ரீவைண்டிங்:
போர்டு செத்தாலும் பட்டன்ல ஓடணும்னு சொன்னீங்களே, அப்டி வந்தா நானே என் கஸ்டமருக்கு போட்டுக் குடுக்குறேன். சர்க்யூட் படத்த பேனல் கதவு உள்பக்கம் ஒட்டிருங்க, தமிழ்ல.

மன்னார்குடி_பேனல்:
ஒட்டிர்றேன்ணே. சாக்கெட் பிசிபியும் ரெண்டு மூணு உங்களுக்கு ஸ்பேரா குடுத்து வைக்கிறேன், போர்டு போச்சுன்னா கழட்டி மாட்டிட்டு பழச எனக்கு அனுப்புங்க, வெவசாயி காத்திருக்க வேணாம்.

பேராவூரணி_கடைமடை:
தம்பி, எங்க தோப்புல ஜியோதான் எடுக்குது, மத்தது ஒரு கோடு கூட வராது. 4ஜி போட்டா மிஸ்டு கால்லயே ஓடுமா? ஆப்பெல்லாம் எனக்கு சரிப்படாது. மோட்டார் ஓடுதுன்னு பழசு குரல்ல சொல்லும், அதுவும் வேணும்.

திருச்சி_பவர்:
மாட்யூல் வாங்குறப்ப இதான் முக்கியம் மன்னார்குடி நண்பரே. டேட்டா மட்டும் போற 4ஜி மாட்யூல் வெல கொறச்சலா கிடைக்கும், அதுல கால் வராது. ஜியோவுல வோல்ட்இ (4ஜிலயே கால் பேசுற வசதி) இருந்தாத்தான் கால், குரல், ரெண்டும். டேட்டாஷீட்ல வோல்ட்இ இருக்குன்னு பாத்து, ஜியோ சிம் போட்டு கால் அடிச்சு சோதிச்சுட்டு அப்புறம் மொத்தமா ஆர்டர் போடுங்க.

மன்னார்குடி_பேனல்:
ரொம்ப நன்றி சார். ஐயா, ரெண்டு கம்பெனி மாட்யூல் சாம்பிளுக்கு இன்னிக்கே சொல்லிட்டேன். வந்ததும் ஜியோ சிம்மோட உங்க தோப்புக்கே எடுத்துட்டு வர்றேன், மோட்டார் கொட்டகைல தகரம் போட்டிருந்தா உள்ள சிக்னல் அடிபடும், வெளிய ஆண்டெனா வைக்கணுமான்னு நேர்ல பாத்துக்குவோம்.